இடுப்பால் ஓர் இடி

எஞ்சின் போய்விட்டதென்று
முதலிலேயே சொல்லிவிட்டேன்.
மைனாட் தாண்டி நெடுஞ்சாலையில்
டொக் டொக்கென்று தொடங்கி
மூன்றே மைலில் முடிந்த கதை.

ஆர்லோ நம்பாமல் சாவியைத் திருப்பினான்.
வானொலி கோதுமை விலை சொன்னது.
சீட் சூடேறியது,
எங்கும் போகாமல்.

"பின்கதவு?"
"இடுப்பால் ஓர் இடி, இந்த இடத்தில்."
இடித்துக் காட்டினேன். திறந்தது.
உள்ளே நாய்முடி,
உறைந்த ஏரியைத் துளைக்கும் திருகு,
விவாகரத்துக்கு முன்பே தொலைந்துபோன
கார்ஸ்டனின் ஒற்றைக் கையுறை.

அறுநூறு கேட்டேன்.
நானூற்றைம்பதில் படிந்தது.
கையுறையையும் சேர்த்தே கொடுத்துவிட்டேன்.

இன்று வேறு வண்டி.
இரு கையிலும் மளிகைப் பைகள்.
பழக்கத்தில் இடித்தேன்.
அதுவோ தானாகவே திறந்துகொண்டிருந்தது;
தடுமாறி
உருளைக்கிழங்குகளோடு
உள்ளே போய் உட்கார்ந்தேன்.