செய்கூலி, சேதாரம்

செவ்வாய்ப்பேட்டையில் நாலாவது கடை.
கண்ணாடிக்குப் பின்னால் என் முகம்,
உள்ளங்கை அகல அட்டையில்.
கீழே, ‘பூங்காவனம் மாடல் கொலுசு’.

விற்கிற பெண் என்னைப் பார்க்கிறாள்.
பொட்டில்லாத நெற்றி, மூக்குத்தி இல்லாத மூக்கு.
ஏற்காடு பஸ்ஸுக்கு நேரமிருக்க
கடை ஏறிய டீச்சர் மாதிரி இருக்கிறேன்.
“நல்லா போவுதுங்க இது.
அந்தம்மா மாடிப்படி எறங்கினா கேக்குமே,
அதே சத்தம்.”
குலுக்கிக் காட்டுகிறாள்.

அதே சத்தம்தான். பத்தொன்பது டேக்.
வேகமாக இறங்கச் சொன்னார் இயக்குநர்.
சாவி இடுப்பில் இருக்கிறவள் ஏன் சார் ஓடணும்
என்றேன்.
அடுத்த வாரம் அது வசனமானது,
அடுத்த மாதம் நைட்டியில் அச்சானது,
ஆத்தூர் ஜவ்வரிசிப் பாக்கெட்டில்கூட
அதைச் சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.

ஒப்பந்தம் இங்கிலீஷில் பதினோரு பக்கம்.
சாப்பாட்டு நேரம், பசி, கையெழுத்துப் போட்டேன்.
எட்டு வருடம் கழித்து
தங்கச்சி மகன் பெலிக்ஸ் படித்துச் சொன்னான்:
தோற்றம், குரல், நடை, பார்வை,
இன்றுள்ளதும் இனிக் கண்டுபிடிக்கப்போவதுமான
எல்லா வடிவிலும், பிரபஞ்சம் முழுவதும்.
“செவ்வாய்க் கிரகத்துல வித்தாலும்
உங்களுக்குக் காசு கெடையாது பெரியம்மா.”
செவ்வாய்ப்பேட்டையைப் பற்றி
அவன் யோசிக்கவில்லை.

பார்வை என்றால் இந்த இடது புருவம்.
பாதியில் அறுந்து, அறுந்த இடத்திலிருந்து மேலேறுவது.
ஒன்பது வயதில்
பதிமூன்றாம் கொண்டை ஊசி வளைவில்
அப்பாவின் லூனா சாய்ந்தது.
ஐந்து தையல்.
எஸ்டேட்டில் அப்பாவுக்கு மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள்.
பக்கம் ஏழில் அதற்கு
‘கதாபாத்திரத்தின் தனித்த அடையாளம்’ என்று பெயர்.

பங்கு கேட்டேன். பெரிதாக இல்லை,
நைட்டிக்கு ஒரு ரூபாய்.
திங்கட்கிழமை பூங்காவனம்
முக்காடு போட்டுப் படுத்தாள்.
மறுநாள் எழுந்தது வேறொருத்தி.
‘இனி பூங்காவனமாக இவர்.’

நல்ல பெண், சாத்தூர்ப் பக்கம்.
தழும்பைப் பென்சிலில் வரைந்துகொள்கிறாளாம்.
போன் செய்து கேட்டாள்,
“கோடு உள்பக்கமா சாயுதா, வெளிப்பக்கமாக்கா?”
கண்ணாடி முன் போய் நின்று
பார்த்துச் சொன்னேன்.

அப்புறம் ஓமலூரில் ஒரு பள்ளி ஆண்டு விழா.
பிள்ளைகள் கத்தியதால்
ஒரே ஒரு தரம் புருவத்தைத் தூக்கினேன்.
சால்வை, மூவாயிரம் ரூபாய்.
பதினெட்டாம் நாள் வக்கீல் நோட்டீஸ்:
எங்கள் பூங்காவனத்தை
தாங்கள் அனுமதியின்றி நடித்துள்ளீர்கள்.

“எடுத்துக்கறீங்களா?”
கால்குலேட்டரைத் தட்டுகிறாள்.
வெள்ளி எண்பத்திரண்டு கிராம்.
செய்கூலி. சேதாரம்.
சேதாரம் எதுக்கும்மா?
“அறுக்கையில, உருக்கையில,
கொஞ்சம் தேஞ்சு தூளாப் போவுமில்லங்க.
அத யாராச்சும் கொடுக்கணுமில்ல?”
கொடுக்கணும்தான்.
செய்கூலி?
“பட்டறைக்காரருக்கு. பொன்னம்மாபேட்டைல
குனிஞ்சு உக்காந்து பத்த வெக்கிறாரே, அவருக்கு.”
இந்த முகத்துக்கு?

அட்டையைத் திருப்பிப் பார்க்கிறாள்,
விலை ஏதும் விட்டுப்போயிற்றோ என்று.
“இது ஃப்ரீங்க.”

அப்ப இதை மட்டும் கொடு.
என்னை ஒரு தரம் பார்த்தாள்,
அட்டையை ஒரு தரம்.
எதுவும் கேட்காமல் கொடுத்துவிட்டாள்.

ஏழு மணி பஸ். ஜன்னல் மூடாது.
பதிமூன்றில் பனி இறங்கியிருக்கிறது.
குளிர் பட்டால் தழும்பு அரிக்கும்,
நாற்பது வருடமாக அப்படித்தான்.
பக்கம் ஏழில் அது இல்லை.
அட்டை முனையால்
சொறிந்துகொள்கிறேன்.