மூன்று இடி

புட்டுக்கு மாவு பிசிறுகிற பதம்தான்.
பிடித்தால் பிடிபட வேண்டும்,
தட்டினால் உதிர வேண்டும்.
டிப்ளமோ புத்தகத்தில் இதற்கு
நான்கு பக்கமும் இரண்டு வரைபடமும்.

அம்பத்தூர் எஸ்டேட். ஃபவுண்டரி ஷெட்டுக்குப் பின்னால்
எட்டுக்கு எட்டு அறை.
கதவில் 'மணல் ஆய்வகம்' என்று பெயிண்ட்.
உள்ளே நானும் ஒரு தராசும்
மணல் குழாய்மேல் மூன்று முறை விழும்
ஓர் இரும்புக் கட்டையும்.

நூறு பங்கு மணலுக்கு ஏழு பங்கு
கட்ச்சிலிருந்து மூட்டையில் வரும் களிமண்,
நான்கு பங்கு நிலக்கரித் தூள்,
மூன்றரை தண்ணீர்.
தண்ணீர் மட்டும் சொன்ன பேச்சு கேட்காது.
அதுவும் கார்த்திகையில், இந்த ஊரில்,
காற்றே பாதி ஏரியாக இருக்கும்போது.

களி மணிக்கு மணி ஒட்ட வேண்டும்,
இடையில் இருக்கும் சந்தை அடைக்கக் கூடாது.
ஆயிரத்து நானூறு டிகிரியில் இரும்பு இறங்கும்போது
ஆவிக்குப் போக வழி வேண்டும்.
வழி விடாத மணல்
இரும்பின் வயிற்றுக்குள் ஊதும்.

கோர் அறையில் சுதாம் மாஜி.
ஒடிசாக்காரன், அதிகம் பேசமாட்டான்.
வெல்லப்பாகு ஊற்றிப் பிசைந்து
அடுப்பில் வாட்டி அடுக்கி வைப்பான்.
எறும்பு வரும், ஊதிவிடுவான்.
இரும்பு உறையும்வரை நிற்கும் அந்தக் கோர்,
பிறகு பாகு கருகி
பம்பு வயிற்றிலிருந்து தானாகக் கொட்டும்,
சுத்தியலுக்கு வேலை வைக்காமல்.

அன்று கார்பைடு தூள் தீர்ந்திருந்தது.
(மண்டியில் மாங்காயைப் பழுக்க வைக்கும் அதே சரக்கு;
எங்களிடம் ஈரத்தைக் காட்டிக்கொடுக்கும்.)
பர்ச்சேஸில் நாளைக்கு என்றார்கள்.
மழை. ஹாப்பருக்கு மேலே ஷீட்டில் ஓர் ஆணித் துளை.
ஒரு பிடி அள்ளி இறுக்கினேன். ரேகை பதிந்தது.
உடைத்தேன். விளிம்பு நின்றது.
பதிவேட்டில் 3.6 என்று எழுதினேன்.

கைக்கு ஏது தசமம்?

விடியற்காலை நாக்-அவுட்டில்
அறுபத்திரண்டு பம்பு உடல்களில் இருபத்தேழு
அம்மைத் தழும்போடு வந்தன.
கியூ.ஏ. பிரெடரிக் எதுவும் சொல்லவில்லை,
சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போனார்.
தீர்ந்ததும் இன்னொன்று கேட்டார்.
நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

பத்தரைக்கு மீட்டிங்.
பதிவேட்டைப் புரட்டினார்கள்.
மணல் 3.6.
மணல் சரி என்றால் கோர்தான்.
கோர் என்றால் சுதாம்.
சரியாக வாட்டவில்லை, பாகு அதிகம்,
அரை நாள் கூலி பிடித்தம்.
அவனுக்கு யாரோ இந்தியில் சொன்னார்கள்.
தலையாட்டிவிட்டுத்
தன் விரல்களை முகர்ந்து பார்த்துக்கொண்டான்.

என் எண் அங்கே மேஜைமேல்
மூன்று இடி வாங்கிய மாதிரி
இறுகி நின்றது.

எழுந்து போய் அதைக் குறுக்கே அடித்தேன்.
பக்கத்தில் எழுதினேன்:
'கையால் பார்த்தது. பூங்கோதை.'
பிரெடரிக் கண்ணாடியைக் கழற்றினார்.
பிறகு நடந்தது இந்தக் கவிதைக்கு வேண்டாம்.
பிடித்தம் இடம் மாறியது, அவ்வளவுதான்.
ஹாப்பர் துளையில் இன்னமும் தார் வைக்கவில்லை.

இன்றைக்கும் மழை.
நூற்று ஐம்பது கிராம் எடைபோட்டுக்
குழாயில் இட்டுக் கட்டையை விடுகிறேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவது கூரைக்கு மேலே விழுந்ததா,
என் கையிலிருந்தா?

கொட்டிவிட்டு
முதலிலிருந்து எடைபோடுகிறேன்.