எட்டரை முதல் ஒன்பதரை வரை

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம்.
இருபத்துநாலு பேர் வரவேண்டும்,
ஒன்பது பேர் வந்தோம்.
பாலக்கோடு மண்டியில் அன்றைக்குத்
தக்காளிக்கு நல்ல விலை.
விலை இருக்கிற நாளில்
எந்தப் பெற்றோரும் பெற்றோராக இருப்பதில்லை.

ஹெச்.எம். மும்தாஜ் டீச்சர் தீர்மான நோட்டைப் பிரித்தார்.
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி நான்:
மாதம்மாள், க/பெ சென்னகிருஷ்ணன்,
ஆறாம் வகுப்பு தேன்மொழியின் அம்மா.
ஒன்றாம் வகுப்பு நாற்காலிதான் கிடைத்தது.
முழங்கால் தாடையில் இடிக்க இடிக்கத்
தலைமை தாங்கினேன்.

முதலில் வரவு.
அப்சர் பாய் மண்டியிலிருந்து
பெட்டிக்கு ஒரு ரூபாய் கணக்கில்
நாலாயிரத்து அறுநூற்றுப் பத்து.
விலை விழுந்த பதினோரு நாள் அதில் சேராது.
அந்த நாட்களில் ரூபாய்க்குப் பதில்
தக்காளியையே அனுப்பிவைத்தார் பாய்.
"இனிமே இந்தப் புள்ளைங்களைக் கிள்ளினா
ரசம்தான் வரும்" என்றாள்
சத்துணவு பட்டம்மாள்.
அதை நோட்டில் எழுதவில்லை.

பெங்களூரில் சென்ட்ரிங் அடிக்கிற நம்மூர்ப் பையன்கள்
கழிப்பறைக்கு இரண்டு கதவு என்று ஏற்றுக்கொண்டு
ஒன்றரைக் கதவுக்குப் பணம் போட்டிருந்தார்கள்.
அரைக் கதவை எந்தப் பிள்ளைக்கு வைப்பது?
ஆசாரி வேடியப்பன்
மீதி அரையைத் தன் கூலியில் கழித்துக்கொண்டார்,
முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்,
ஆனாலும் கழித்துக்கொண்டார்.

அப்புறம் திம்மராயன் வந்தார்.
கல்குவாரிக்காரர்.
வாசலில் கார் எஞ்சினை அணைக்கவில்லை.
சுற்றுச்சுவர் முழுக்கத் தன் கல், தன் கூலி என்றார்.
கேட்டின் மேல் அவங்கப்பா பெயர்,
அது மட்டும் போதுமாம்.
கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.
பொய் சொல்வானேன்,
அந்தச் சுவருக்கு மூன்று வருடமாக
மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மேசையில் படிந்திருந்த லாரித் தூசியில்
யாரோ விரலால் கூட்டல் போட்டிருந்தார்கள்.
விடை தப்பு.
அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:
சுவர் ரொம்ப சந்தோஷம்ங்க.
அதோட,
காலையில எட்டரை முதல் ஒன்பதரை,
சாயங்காலம் நாலு முதல் அஞ்சு,
உங்க லாரி இந்த ரோட்டுல ஓடக்கூடாது.

கல்லை டன் கணக்கில் தூக்கித் தருகிறவர்
ஒரு மணி நேரத்துக்கு
விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.
"உன் வீட்டுக்காரனே என் லாரிதானேம்மா ஓட்டறான்?"

ஆமாம்.
மின்விசிறி நின்றது. கரண்ட் போயிருந்தது.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
அவருக்கு நடைக்குத்தான் கூலி.
நாளைக்கு இரண்டு நடை குறைந்தால்
என் வீட்டு அரிசிப் பானைக்குத் தெரியும்.

"அதனாலதாங்க சொல்றேன்.
பள்ளிக்கூடத் திருப்பத்துல
லோடோட வந்தா பிரேக் நிக்காதுன்னு
அவருதான் சொன்னாரு."

திம்மராயன் எழுந்தார்.
வேட்டியைத் தட்டிக்கொண்டார்.
"பார்க்கலாம்" என்றார்.
"ஒப்புக்கொண்டார்" என்று எழுதினார் டீச்சர்,
கை நடுங்காமல்.
கீழே ஒன்பது கையெழுத்து.

திங்கட்கிழமை எட்டே முக்காலுக்கு
புளியமரத்தடியில் நாலு லாரி நின்றது.
மூன்றாவதில் என் வீட்டுக்காரர்,
ஸ்டியரிங் மேல் கையை மடித்து வைத்தபடி.
வெள்ளிக்கிழமையிலிருந்து என்னோடு பேச்சில்லை.
தேன்மொழி
அப்பாவைத் தெரியாதவள் மாதிரி
ரோட்டைத் தாண்டிப் போனாள்.
வகுப்பில் வாய்ப்பாடு சொல்வது
மரத்தடி வரைக்கும் கேட்டது.

புதன்கிழமை ஒரு லாரி ஓடிற்று.
எண் குறித்து வைத்திருக்கிறோம்.
சுவருக்குக் கல் இன்னும் வரவில்லை.
இரண்டையும் பேச அடுத்த கூட்டம்,
தக்காளிக்கு விலை இல்லாத
ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமையில்.