சோற்றில் மறைத்தவள்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதாம்.
யார் சொன்னது?
பதினோரு வருஷமாய் மறைக்கிறேன்,
ஜீரோ கேட்டுக்கு எதிரே
டிரெய்லர்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்து நிற்கும் ரோட்டில்.

துவரம்பருப்பு விலை ஏறிய மாதம்
தண்டையார்பேட்டை மார்க்கெட்டில்
எல்லோரும் பத்தை வாங்கும் கடையில்
முழுசாய் ஒன்று கேட்டேன்.
"வூட்ல விசேஷமா?" என்றார்.
ஆமாம் என்றேன்.

தோலோடு வேகவைத்து
மத்தால் கடைந்து
பாதிப் பருப்பில் கரைத்தால்
தண்ணீர்ச் சாம்பாருக்கும் உடம்பு வந்துவிடும்.
தித்திப்பு ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.
அதற்குப் புளி ஒரு சுளை கூட,
கிள்ளிய மிளகாய் நாலு,
வெந்தயம் கருகும் முன் இறக்கிய தாளிப்பு.
ஞாயிறு தால்சாவில் கத்திரிக்காய்க்கு நடுவே
அது எலும்போடு எலும்பாய்க் குழைந்திருக்கும்.
ஒருமுறை வடகறியிலும் போட்டேன்.
அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

துலுக்காணம் மட்டும் தட்டைக் குனிந்து பார்ப்பான்.
"இன்னாக்கா, சாம்பாரு பட்டுப்பொடவ கலர்ல கீது?"
மஞ்சள்தூள் புதுசுப்பா என்பேன்.
இன்னொரு கரண்டி கேட்பான்.

பரங்கி என்றால் கப்பலில் வந்தவன் என்று
கிளியரிங் ஆபீஸ் வரதராஜுலு சார் சொன்னார்.
"இந்தத் துறைமுகத்துலதான் எறங்கியிருக்கும்."
எனக்கென்னவோ அப்போது துறைமுகமே இருந்திருக்காது.
அலையில் நனைந்து
யாரோ ஒருத்தன் இடுப்பு மடிப்பில் விதையாய் வந்து
வெறும் மணலில் இறங்கியிருக்கும்.
சீல் இல்லை, பேப்பர் இல்லை,
மூன்று நாள் கியூ இல்லை.
வந்தவன் போய்விட்டான்.
அவன் பேரை மட்டும்
காய் வைத்துக்கொண்டது.
இன்றைக்கு அது இல்லாமல்
பொங்கல் குழம்பு வைத்துப் பார்.

கடைக்குப் பின்னே
தண்டவாளத்துக்கும் சுவருக்கும் நடுவில்
பாத்திரம் கழுவிய தண்ணீர் தேங்குமிடத்தில்
வழித்துக் கொட்டிய விதையொன்று முளைத்தது.
துருப்பிடித்த கன்டெய்னர் மேல் ஏறிப் படுத்தது.
இலையெல்லாம் கரித்தூள்.
பூவெல்லாம் ஆண்.
ஆவணியில் ஒரு பூவுக்கடியில் மட்டும்
கோலிக்குண்டு அளவு பிஞ்சு.
தேனீ வரவில்லை. டீசல் புகையில்
அது எதற்கு வரும்?

ராயக்கோட்டை முனிரத்தினம்
வண்டி நகராத ஒரு விடியலில் அதைப் பார்த்தான்.
ஆண்பூ ஒன்றைப் பறித்தான்,
இதழைக் கிழித்தெறிந்தான்,
நடுத்தண்டை அவள்மேல் மெதுவாய்த் தடவினான்.
நான் ஏனோ
வேறு பக்கம் பார்த்தேன்.
"அவ்ளோதான்க்கா. புடிச்சிக்கும்."
பிடித்துக்கொண்டது.

ஆயுத பூஜைக்கு வெள்ளைப் பூசணி
யானை விலை.
துலுக்காணம் வந்து நின்றான்.
"கன்டெய்னர் மேல கீதே, அத்த குடேன்.
வண்டிக்கு சுத்திட்டு ஒடச்சிக்கறேன்."
அது பரங்கிடா, திருஷ்டி எடுக்காது.
"எல்லாம் பூசணிதானேக்கா."
இல்லை.
கண்ணு படுறதை வாங்கிக்கொண்டு
ரோட்டில் சாகப் பிறந்தது அது இல்லை.
இதை வாயால் சொல்லவில்லை.
அரிவாள்மணையை எடுத்துப்போட்டு
அவன் எதிரிலேயே பிளந்தேன்.

உள்ளே அந்த நிறம்.
பதினோரு வருஷமாய்
வெந்த பிறகுதான் அதைப் பார்க்க எனக்கு நேரமிருந்தது.

அன்றைக்கு மறைக்கவில்லை.
பெரிய பெரிய துண்டு,
காராமணி, துருவிய தேங்காய், துளி வெல்லம்.
போர்டில் சாக்பீஸால் எழுதினேன்:
இன்று பரங்கிக்காய்.
எழுத்து கொஞ்சம் கோணல்.

வெளியே ஒவ்வொரு வண்டிக்கு முன்னும்
பூசணிகள் சிதறின.
குங்குமத் தண்ணீர் டயர் தடத்தில் ஓட,
சில்லறை பொறுக்கும் பையன்கள்
விதையில் வழுக்கி விழுந்து சிரித்தார்கள்.
எவனிடமோ கடன் வாங்கி
துலுக்காணமும் ஒன்று உடைத்துவிட்டு
கை கழுவி வந்து உட்கார்ந்தான்.

கூட்டை இலை ஓரத்துக்குத் தள்ளினான்.
"தப்பா நெனைக்காதக்கா.
பரங்கிக்கா எனக்கு ஆவாது.
பொறந்ததுலேந்து வாயில வெச்சதே இல்ல.
சாம்பார் ஊத்து."

ஊற்றினேன்.