மூலை இருந்தால் நம்முது

பிலாயிலிருந்து கிளம்பி மூன்றாம் நாள்.
ஓட்டுவது நான். பக்கத்தில் தேசம்மா அக்கா,
மடியில் பிளாஸ்க், வாயில் யாரும் கேட்காத வழி.
பின்சீட்டில் ஏகாம்பரம் அண்ணன்,
முப்பத்தைந்து வருட இரும்பாலையைச்
சுருட்டிக் கட்டிய மெத்தைமேல் முழங்கை ஊன்றி.

ஜக்தல்பூரில் ஒரு சண்டை, ஏசியைப் பற்றி.
பத்ராசலத்தில் இன்னொன்று,
அக்கா கல்யாணத்தில் காணாமல் போன
எவர்சில்வர் அண்டாவைப் பற்றி.
விஜயவாடா வெயிலில் மூவருமே பேசவில்லை.
ஓங்கோல் தாண்டி அக்கா
உப்பு தடவிய வெள்ளரிப்பிஞ்சு ஒன்றை நீட்டினாள்.
எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மன்னிப்பு.

நெல்லூர் கழிந்ததும் அண்ணன் கேட்டான்:
"வந்துட்ச்சா?"

கூடூரில் அப்பா மைக்கா லாரி ஓட்டிய காலம்.
கோடை லீவு விட்டால் கேபினில் நாங்கள் மூவர்,
கும்மிடிப்பூண்டி வரைக்கும்.
முதல் தமிழ் எழுத்தை யார் பார்க்கிறார்களோ
அவர்களுக்கு ஜன்னல்.
அவ்வளவுதான் சட்டம்.
எதிர் லாரியின் நெற்றியில் 'முருகன் துணை'?
செல்லாது, அது நகருது, என்பாள் அக்கா.
தீப்பெட்டி செல்லாது.
உள்ளங்கையில் பேனாவால் 'அ' எழுதி வைத்து
அண்ணன் நீட்டியது செல்லவே செல்லாது.
எனக்கு அப்போது எழுத்துக்கூட்டத் தெரியாது.
தெலுங்கு ஜாங்கிரி ஜாங்கிரியாய்ச் சுற்றிக்கொண்டே வரும்,
திடீரென்று ஒன்று முட்டியை மடக்கி உட்காரும்,
ட என்றோ ப என்றோ.
மூலை இருந்தா நம்முது, என்பான் அண்ணன்.
சொல்வானே தவிர ஜன்னலைத் தரமாட்டான்.

இப்போது அவன் கண்ணுக்கு நடுவில் ஒரு ஓட்டை.
ராய்ப்பூர் டாக்டர் சொன்ன பெயர் நீளம்,
அர்த்தம் சின்னது: ஓரம் தெரியும், நடு தெரியாது.
என் முகத்தில் அவனுக்கு
இரண்டு காதுகள் மிச்சம்.

"இன்னும் இல்ல" என்றாள் அக்கா.

சூளூர்பேட்டையில் நான் பார்த்தேன்.
ஜவுளிக்கடைப் பலகை, தெலுங்குக்குக் கீழே
இடம் கேட்டு ஒதுங்கினாற்போல 'பட்டு'.
அக்காவும் பார்த்தாள்,
மூடியிருந்த பிளாஸ்கை மறுபடி மூடினாள்.
பிறகு ஒரு பல் ஆஸ்பத்திரி.
பிறகு மின்கம்பத்தில் யாருக்கோ கண்ணீர் அஞ்சலி.
திருடிக்கொண்டு போகிறவர்கள் மாதிரி
ஒவ்வொன்றையும் சத்தமில்லாமல் கடந்தோம்.

"வந்துட்ச்சா?"
"இல்லண்ணா."

தடாவில் டயருக்குக் காற்று.
ஏரிப் பக்கமிருந்து உப்பும் சேறும் கலந்த வாடை.
பஞ்சர் கடைப் பையன் போனில் தெலுங்கு பேசிக்கொண்டிருந்தான்,
பேச்சு நடுவே ஆட்டைப் பார்த்து அலறினான்:
"ஏய் மூதேவி! பில்லுடி அது!"

பின்சீட்டில் இரண்டு கைகளும் உயர்ந்தன.
"வந்துட்ச்சு!"

"காது செல்லாது" என்றாள் அக்கா,
நாற்பத்தைந்து வருஷத்துக்கு அப்புறமும் வக்கீல்.
"எழுத்துதான் கணக்கு."
"அப்போ எழுத்த ஏண்டி மறச்சீங்க?
சூளூர்பேட்டையில ரெண்டு பேரும்
ஒரே நேரத்துல மூச்ச நிறுத்தினீங்களே,
அது கேக்காதா எனக்கு?"

ஆடு பில்லைத் தின்று முடித்தது.
அக்கா பதில் சொல்லவில்லை.
இறங்கினாள், முன் கதவைத் திறந்து பிடித்தாள்,
அவன் உட்கார்ந்ததும் பிளாஸ்கோடு போய்
மெத்தைமேல் ஏறிக்கொண்டாள்.

ஆரம்பாக்கம். அவன் கண்ணாடியை முழுக்க இறக்கினான்,
முகத்தைச் சாய்த்து, ஓரக்கண்ணால், கோழி பார்ப்பதுபோல.
நான் பலகைகளைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன்:
ஓட்டல். உரக்கடை. வேகத்தைக் குறைக்கவும்.
"வாய மூடு பாப்பா" என்றான்,
"மூலை தெரியுது."
தெரிந்ததோ, சும்மா சொன்னானோ.

பின்னாலிருந்து அக்கா
அண்டாவை மறுபடி ஆரம்பித்தாள்.