கவுன்ட்

நாற்பதாம் கவுன்ட், அறுபதாம் கவுன்ட் என்று
பதினேழு வருஷம் நூல் பேசிய வாய்க்கு
அந்தச் சொல் ஆஸ்பத்திரியில் எதிர்ப்பட்டபோது
தெரிந்தவரைப் பார்த்த மாதிரி இருந்தது.
"கவுன்ட் எறங்கியிருக்குங்க" என்றார் டாக்டர்.
நூல் தடித்துவிட்டது என்றுதான்
முதலில் எனக்குப் புரிந்தது.

பிரணிதாவுக்கு ஏழு வயது.
வைகாசியில் கெண்டைக்காலில் நீலத் திட்டுகள்.
எங்கியோ உளுந்திருப்பா என்று
தேங்காயெண்ணெய் தடவினோம்.
இது மார்கழி.

கோகிலவாணி அங்கேயே குடியிருக்கிறாள்.
கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு பாய் அகலம் அவள் வீடு.
சிறுவாணித் தண்ணிக்குப் பேர்போன ஊரில்
பாப்பாவுக்கு மட்டும்
இருபது நிமிஷம் கொதித்து, மூடி ஆறிய தண்ணி.
பூ ஆகாது. திராட்சை ஆகாது.
அரிசிம்பருப்புச் சோறு, சுடச்சுட, நாலு வாய்;
அதில் மூன்று திரும்பி வந்துவிடும்.
ஒறம்பரை கதவுக் கண்ணாடி வரைக்கும்தான்.
"நம்ம வகையறாவுல யாருக்குமே இல்லீங்களே"
என்று ஒருத்தர் வெளியே சொன்னது
உள்ளே கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை ரத்தம் கொடுக்க
தறிக்குடோனிலிருந்து ஒன்பது பேர்
சோமனூரில் பாசஞ்சர் ஏறி வந்தார்கள்.
நாச்சிமுத்துவுக்கு எடை போதவில்லை.
இன்னொருத்தன் ராத்திரி பீர் குடித்ததை
நர்ஸ் லிஜி கேட்காமலே ஒத்துக்கொண்டான்.
செல்வராசு ஊசியைப் பார்த்ததும்
பெஞ்சோடு சாய்ந்தான்.
தேறியது மூன்று பேர்.
பையில் இறங்கியது சிவப்பே இல்லை,
பசை போட்ட காடாத் துணியின் மஞ்சள்.
அவள் கைக்குள் அது சொட்டுச் சொட்டாய்ப் போகையில்
பாப்பா கேட்டாள்:
"இதுல ஆரோட மாமாப்பா?"

எட்டாம் வகுப்புச் சபரி அத்தை வீட்டில்.
போனில் தினம் ஒரே கேள்வி:
"இன்னிக்கு எவ்வளவு?"
சொன்னதும் வைத்துவிடுவான்.
ஒருநாள் மட்டும் வைக்காமல்,
"எனக்கும் ஏதாச்சும் வந்தாத்தான்
அம்மா வருமா?" என்றான்.
திட்டினேன்.
அவனைத் திட்டியதைக் கோகிலாவிடம் சொல்லவில்லை,
அவன் கேட்டதையும்.
அவனுடைய ரத்தமும் போயிருக்கிறது;
தங்கச்சிக்குப் பொருந்துமா என்று
இருபது நாளில் தெரியுமாம்.

ஒன்பதாம் கட்டிலில் தாராபுரத்துப் பையன்.
வியாழக்கிழமை விரிப்பு மாற்றினார்கள்.
"ஊட்டுக்குப் போயிட்டானாம்மா?"
"ஆமா சாமி."
கோகிலா பொய் சொல்லும்போது
இல்லாத முடியை ஒதுக்கிவிடுவாள்
பாப்பாவின் காதோரம்.
"அப்ப அவனோட பச்சை ஸ்கெட்ச்ச
எப்படிக் குடுக்கறது?"

சனிக்கிழமை ராத்திரி நான் அங்கே.
பதினாறு தறி இரைச்சலில் தூங்கி
ஒன்று நின்றால் எழுகிறவன் நான்.
இங்கே தலைகீழ்.
நிசப்தத்தில் விழித்துக் கிடப்பேன்,
மருந்து மெஷின் கூவினால்
உடம்பு தானாய் எழுந்து
அறுந்த இழையைத் தேடும்.
முடிச்சுப் போட ஒன்றும் இருக்காது.
லிஜி வந்து ஒரு பட்டனை அமுக்குவாள்.
"கொழாயில காத்து, அவ்வளவுதான் சேட்டா."

பாப்பாவுக்கோ அந்த வார்டில்
தூக்கமே பிடிக்கவில்லை.
பிறந்ததிலிருந்து
குடோனுக்குப் பின்சுவரில் வளர்ந்தவள்.
"தறி ஓடற சத்தத்தப் போன்ல வைப்பா."

அதனால் நைட் சிப்ட்டில்
ஒன்பது மணிக்குக் கூப்பிடுவேன்.
மூன்றாம் தறிக்கும் நாலாம் தறிக்கும் நடுவே
பாபின் டப்பாவின் மேல் போனைச் சாய்த்துவைப்பேன்.
அங்கே கோகிலா அவள் காதருகே வைப்பாள்.
அவள் என்ன சொல்கிறாள், இருமுகிறாளா,
தூங்கிவிட்டாளா,
இந்த இரைச்சலில் எனக்கு எதுவும் கேட்காது.
போனில் நிமிஷமும் நொடியும் மட்டும் ஏறும்.
தார் மாற்றிவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன்.
நாற்பது. நாற்பத்தொன்று.
ஓடிக்கொண்டிருக்கிறது.