வால்கூட்டுக்குள்ளிருந்து

பல்லடத்துக்குக் கிழக்கே
குஞ்சு இறக்காத மூன்றாவது ஷெட்டில்
பெட்டியைப் பிரித்தோம்.
உள்ளே ஏரோப்ளேன் இல்லை.
தகடு, தகடு,
பொட்டணம் பொட்டணமாய் ரிவெட்.
பன்னிரண்டாயிரம் என்று அட்டையில் போட்டிருந்தது.
பக்கத்துத் தோட்டத்துக் கருப்பணன் எட்டிப் பார்த்து,
“தண்ணித் தொட்டிங்களா?” என்றார்.
“ஆமாங்க” என்றார் இவர்.

ரிவெட் அடிக்க ரெண்டு பேர் வேணும்.
வெளியே ஒருத்தர் கன்னோடு,
உள்ளே ஒருத்தர்
இரும்புக் கட்டியை அண்டைக் கொடுத்து.
வால்கூடு அவர் தோளுக்கு இடம் கொடுக்காது.
பையனின் பழைய ட்ராக் பேன்ட்டை மாட்டிக்கொண்டு
நான்தான் ஊர்ந்து போனேன்.
ஒரு தட்டு: அடி.
ரெண்டு தட்டு: சரி.
மூணு: கெட்டுப்போச்சு, துளைத்தெடு.

புத்தகத்தில் இங்கிலீஷ்.
மில்லில் கணக்கெழுதிய என் வேலை அது.
பதினேழாம் பக்கத்தில் இருந்தது,
ஒரே ஒரு சீட்.
அவருக்கு முன்னமே தெரியும்.
“ரெண்டு சீட்டுன்னா நாலு லட்சம் கூடப் புள்ளெ.”

அதோடு வீட்டில் பேச்சில்லை.
சோத்தைப் போட்டு மூடி வைத்துவிட்டு வந்துவிடுவேன்.
ரிவெட்டுக்கு மட்டும்
பேசித்தானே ஆகணும்.
ஒரு தட்டு. ரெண்டு தட்டு.
ஒரு நாள் நல்ல ரிவெட்டுக்கும்
மூணு தட்டினேன்.
துளைத்தெடுத்தார். ஓட்டை பெருத்துவிட்டது.
அடுத்த சைஸ் போட்டு அடித்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.

நாற்பத்து மூன்றாம் பக்கம்:
ஓட்டுகிறவர் எடை
எண்பத்தைந்து கிலோவுக்கு மேல் ஆகாது.
படித்தேன்.
பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

அவரும் எப்படியோ எழுத்துக்கூட்டியிருக்கிறார்.
ஒண்ணாம் ஷெட்டில் கோழி ஏற்ற வந்தவன்
தராசை வைத்துவிட்டு டீக்குப் போன நேரம்
அவரே ஏறி நின்றார்.
தொண்ணூத்தி நாலு.
செருப்பைக் கழட்டினார்.
சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார்.
தொண்ணூத்தி மூணே முக்கால்.
கூண்டுக்குள்ளிருந்த கோழியெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன.
நான் தராசில் ஏறவில்லை.
என் எடை எனக்குத் தெரியும்.

நாலு நாள் ராத்திரிச் சோறு வேண்டாமென்றார்.
அஞ்சாம் நாள் சந்தையிலிருந்து
ஒரு கிலோ முறுக்கோடு வந்தார்.

ஆடிக்காத்து கூரைத் தகரத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.
பெடலுக்குத் துளை போடும் நாள்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
“செத்த ஏறி உக்காரு” என்றார்,
இருபத்தாறு நாளைக்கப்புறம், வாயால்.
தீவன மூட்டையைச் சீட்டாகப் போட்டு
காலை நீட்டினேன்.
எட்டவில்லை.
போட்டு வைத்திருந்த கோட்டை எச்சில் தொட்டு அழித்து
நாலு இஞ்ச் இக்கட்டால புதுசாகக் கிழித்தார்.
டிரில்லைக் கையில் எடுத்துக்கொண்டு
நின்றார்.

தகட்டில்
ஒரு தட்டு தட்டினேன்.